ஒரு நெட்டுக் கறிவேப்பிலை

‘வத்தை’ என்னும் சிங்களச் சொல்லுக்குத் தோட்டம் என்பது பொருள். வெள்ளவத்தை என்றும் ஒருகொடவத்தை என்றும் கொழும்பு மாநகரின் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டு வரும் புதியவர் ஒருவர், இந்நகரம் சோலைகளின் நடுவே அமைந்தது போலும் என்று எண்ணிக்கொள்வதில் வியப்பில்லை. ஒருகொடவத்தைச் சந்தியில் இறங்கியவுடன் அவ்வெண்ணம் கலைந்துவிடும். துறைமுகத்துக்குப் போவனவும் அங்கிருந்து வருவனவுமான கொள்கலன் வண்டிகள், அவற்றை அடுக்கி வைக்கும் பரந்த முற்றங்கள், பண்டகசாலைகள், பேஸ்லைன் வீதியில் ஓயாத இரைச்சல், 2021ஆம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பட்ட புதிய களனிப் பாலத்தின் பெருந்தூண்கள் ஆகியவையே கண்ணுக்குப் படும். கொழும்புத் தமிழர் பேச்சிலே ‘தோட்டம்’ என்ற சொல்லுங்கூட, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய சிறு வீடுகளின் தொகுதியைக் குறிப்பதாகிவிட்டது. அத்தகைய தோட்டத்தில் ஒரு செடியாவது நிற்கவேண்டும் என்னும் நியதி எதுவும் இல்லை.

ஆயினும் செடிகள் நிற்கவே செய்கின்றன. படிக்கட்டின் ஓரத்தில், தண்ணீர்த் தாங்கியின் அருகில், கூரைத் தகரத்தின் மேல், அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒடுங்கிய முகப்பில் அவை காணப்படும். பழைய வாளி ஒன்றில் கறிவேப்பிலை. எண்ணெய்த் தகரத்தில் ரம்பை. உடைந்த பாத்திரம் ஒன்றில் வல்லாரை. அழகுக்காக வைத்தவை அல்ல இவை, அடுப்புக்காக வைத்தவை.

ஈழத்துச் சமையலில் இவ்விலைகள் பெறும் இடத்தை எண்ணிப் பார்த்தால் இதன் காரணம் விளங்கும். காலையில் இடியப்பத்துக்குச் சொதி வைக்க ஒரு நெட்டுக் கறிவேப்பிலை வேண்டும். நண்பகலில் பருப்பைத் தாளிக்க இன்னொரு நெட்டும், இரண்டங்குலத் துண்டாக நறுக்கிய ரம்பையும் வேண்டும். இறைச்சிக் கறிக்குச் சிங்களத்தில் ‘சேர’ எனப்படும் எலுமிச்சைப்புல்லின் தண்டு வேண்டும். புரியாணிக்குத் துணையாகப் புதினாச் சம்பல்; கொழும்பில் அதனை மிஞ்சிச் சம்பல் என்றே சொல்வர். குழந்தைக்குச் சளி கண்டால் கற்பூரவள்ளி. ஒவ்வொன்றும் மிகச் சிறிய அளவே வேண்டப்படுவது. ஆனால் அனேகமாக ஒவ்வொரு நாளும் வேண்டப்படுவது. இங்கேதான் இல்லத்தரசியின் சங்கடம் தொடங்குகிறது. கறிக்கு வேண்டியது ஒரு நெட்டு; கடையில் கிடைப்பது ஒரு கட்டு. மூன்றாம் நாள் அக்கட்டில் எஞ்சியது மஞ்சளாகும். ஐந்தாம் நாள் குப்பைக் கூடைக்குப் போகும்.

இது வெறும் சிக்கன விவகாரம் என்று சில ஆண்டுகளுக்கு முன் தள்ளிவிட்டிருக்கலாம். 2020ஆம் ஆண்டிலே மஞ்சள் இறக்குமதி தடைப்பட்டபோது, கிலோ ஒன்று சில நூறு ரூபாவுக்கு விற்ற மஞ்சள் பல ஆயிரம் ரூபாவாக உயர்ந்தது. பாக்கு நீரிணையில் படகுகளிலிருந்து கடத்தல் மஞ்சள் மூடைகளைக் கடற்படையினர் கைப்பற்றிய செய்தி அடிக்கடி வந்துகொண்டிருந்தது. பொன் கடத்துவது போல மஞ்சளும் கடத்தப்படும் காலம் வருமென்று எவர்தாம் எண்ணியிருப்பர்? அடுத்த ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதியும் நிறுத்தப்பட்டது. சில மாதங்களின் பின் அத்தடை நீக்கப்பட்டபோதிலும் பயிர்கள் அதற்குள் பாதிப்புற்றிருந்தன. 2022ஆம் ஆண்டில் பொருளாதாரம் சரிந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியது. முதல் ஆண்டில் நூறு ரூபாவுக்குக் கிடைத்த உணவுப் பொருளுக்கு ஏறத்தாழ இருமடங்கு கொடுக்கவேண்டியிருந்தது என்பதே இதன் பொருள்.

அக்காலத்திலே அரச ஊழியர் வீட்டில் உணவு பயிரிட வேண்டுமென்று வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்க அமைச்சரவை முடிவு செய்தது. கிராமத்தில் வளவும் கிணறும் உள்ளவருக்கு அது பயன்பட்டிருக்கலாம். இரண்டு அறைகளும் ஒரு சன்னலும் மட்டுமே உடைய நகரவாசி வெள்ளிக்கிழமையை வைத்துக்கொண்டு எங்கே நெல் விதைப்பது? வயிற்றை நிரப்பும் பயிருக்கு நிலம் வேண்டும். நகரத்தில் அது இல்லை. ஆனால் சோற்றுக்கும் பருப்புக்கும் சுவை தரும் இலைக்கு ஒரு சாடி மண் போதும். கறியில் மீனும் இறைச்சியும் குறைந்த நாட்களிலே, வெறும் பருப்பை உண்ணத்தக்கதாக ஆக்கியது அந்தத் தாளிதந்தான். இவ்வளவினதே இதன் பெருமை. இதற்கு மேல் கூறுவது மிகையாகும்.

வீட்டில் வளர்ந்த இலைக்குச் சுவை கூடுதல் என்று பலரும் சொல்வர். அது வெறும் பற்றினாற் சொல்வதன்று. கறிவேப்பிலை ஒன்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், ஊசியாற் குத்தியதுபோல் ஒளிபுகும் நுண்ணிய புள்ளிகள் இலையெங்கும் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். எலுமிச்சை, தோடை முதலியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது கறிவேப்பிலை. அக்குடும்பத்து இலைகளில் இப்புள்ளிகளைக் காணலாம். மணம் அவற்றினுள்ளே அடைபட்டிருக்கிறது. சூடான எண்ணெயில் இலை விழுந்ததும் சுரப்பிகள் வெடித்து, அந்த வாசனை எண்ணெயிலே கரைந்து கறி முழுவதிலும் பரவுகிறது. கொதிக்கும் நீரில் வெறுமனே இட்ட இலை அத்துணை மணப்பதில்லை. அவ்வாசனை நீரில் நன்றாகக் கரையாதது என்பதே காரணம். இலை காயக் காய அந்த எண்ணெய் காற்றிலே பறந்துபோகும். உலர்ந்த கறிவேப்பிலை நிறத்தை வைத்துக்கொண்டு மணத்தை இழந்துவிட்ட பொருள்.

புதினாவின் நிலை வேறு. அதன் எண்ணெய் இலையின் மேற்பரப்பிலுள்ள நுண்மயிர்ச் சுரப்பிகளில் நிற்கிறது. கை பட்டாலே மணப்பது அதனால்தான். நெடுநேரம் வேகவைத்தால் மணம் போய்விடுவதும் அதனால்தான். ஆகவே அது பச்சையாக அரைத்துச் சம்பலாகிறது. ரம்பையோ இவ்விரண்டுக்கும் மாறானது. செடியில் நிற்கும்போது அதன் இலையை முகர்ந்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. வாடியபோதும் சூடுபட்டபோதுமே அது மணக்கத் தொடங்குகிறது. பாசுமதி அரிசியின் மணத்துக்குக் காரணமான பொருளே ரம்பையிலும் உண்டென்று 1980களின் தொடக்கத்தில் ஆய்வாளர் கண்டறிந்தனர். சாதாரண அரிசியோடு ஒரு துண்டு ரம்பையைப் போட்டு வேகவைத்த பெண்கள், அவ்வாய்வுக்கு நெடுங்காலம் முன்னரே அதன் பயனை அறிந்திருந்தனர்.

செடி வளர்க்க விரும்புவோர் முதலில் தேடுவது ஒரு பிடி மண். ஒருகொடவத்தையிலே ஐயுறவேண்டியதும் அந்த மண்ணைத்தான். களனி கங்கையை அடுத்த தாழ்நிலம் இது. சதுப்பை நிரப்பிக் குடியேறிய பகுதிகள் சூழ உள்ளன. 1989ஆம் ஆண்டு ஜூனிலும் 2016ஆம் ஆண்டு மேயிலும் களனி பெருகியபோது தாழ்ந்த பகுதிகளெல்லாம் நீரில் அமிழ்ந்தன; கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் பட்ட துன்பம் பலர் நினைவில் இன்றும் உண்டு. வெள்ளநீர் வடிகானையும் மலகூடக் குழியையும் ஒன்றாகக் கலந்து முற்றத்தில் விட்டுச் செல்லும். அருகே மீதொட்டமுல்லையில் மலைபோற் குவிக்கப்பட்ட நகரக் குப்பை, 2017ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆந் திகதி, புத்தாண்டு நாளன்றே சரிந்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. அத்தகைய குவியலிலிருந்து கசியும் நீர் எங்கெங்கே ஊறியிருக்கும் என்று கண்ணாற் பார்த்துச் சொல்ல இயலாது. வீதியோர மண்ணுக்கு இன்னொரு குறையும் உண்டு. ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் 2002ஆம் ஆண்டிலேயே கைவிடப்பட்டது. அதற்கு முன் பல ஆண்டுகளாக வண்டிப் புகையோடு வெளிவந்து படிந்த ஈயம் மழையிற் கரைந்து போய்விடுவதில்லை. மேல்மண்ணிலேயே தங்கிவிடுவது அதன் இயல்பு.

இந்த நஞ்சுகள் எல்லாம் ஒரே வழியில் இலைக்குள் வருவன அல்ல. ஈயம் பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும். இலையில் அது மிகுந்து காணப்பட்டால், மேலே படிந்த தூசியே பெரும்பாலும் காரணம். ஓடும் நீரில் நன்றாகக் கழுவினால் அதிற் பெரும்பகுதி நீங்கும். கட்மியம் என்னும் உலோகமோ வேர்வழி எளிதாக ஏறி இலைக்குள்ளேயே சேர்ந்துவிடும். அதை எத்தனை முறை கழுவினாலும் அகற்ற முடியாது. ஆகவே வீதியருகில் வளர்ந்த இலையைக் கழுவி உண்ணலாம் என்பது பாதி உண்மையே. மண்ணும் தூயதாயிருக்க வேண்டும் என்பது மற்றைப் பாதி.

வல்லாரையை எண்ணும்போது இது மிகவும் முக்கியமாகிறது. ஈரத்தை விரும்பிப் படரும் கொடி அது. தாழ்நிலத்துக் கான்வாய்க் கரையிலே விதைப்பாரும் நீர்விடுவாரும் இன்றித் தானே செழித்திருக்கும். பறிப்பதற்கு எளிது, விலையும் இல்லை. ஆயின் ஊரிலுள்ள கழிவெல்லாம் வந்து சேரும் இடமும் அதுவே. மேலும், வல்லாரையைத் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் சேர்த்துப் பச்சையாகவே சம்பல் செய்வது இந்நாட்டு வழக்கம். நெருப்பைக் காணாத உணவில் வெள்ளநீரின் கிருமி அப்படியே தங்கும். எந்த இலை நீரை மிகுதியாக நாடுகிறதோ, அந்த இலையையே அவ்விடத்து நீர்நிலையில் எடுக்கக்கூடாது. வெள்ளம் தொட்டுச் சென்ற வல்லாரையையும் புதினாவையும் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிய மண்ணில் மீண்டும் நடுவதே தக்கது. ஒரு தட்டு வல்லாரைக்காக இரங்கி வயிற்றோட்டத்தை வரவழைப்பது நல்ல கணக்கன்று.

எனவே, நிலத்தைவிட்டு உயர்த்தி வைத்த சாடியே ஒருகொடவத்தைக்குரிய தோட்டம். அதற்கு வேண்டிய மண்ணை வீதியோரத்தில் அள்ளாமல், எங்கிருந்து வந்தது என்று தெரிந்த இடத்திலிருந்து பெறவேண்டும். மண் ஒரு பங்கு, மக்கிய கூட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு என்று கலப்பது எளிய முறை. தேங்காய் நாட்டில் தும்புத்தூளுக்குக் குறைவில்லை. ஆயினும் அதில் உப்பு இருக்கக்கூடும் ஆதலின் இரண்டு மூன்று முறை நீரில் ஊறவைத்துப் பிழிந்து பயன்படுத்தல் நன்று. கூட்டெருவை வீட்டு மரக்கறிக் கழிவு, தேயிலைச் சக்கை, முட்டைக் கோது முதலியவற்றால் மூடியுள்ள வாளி ஒன்றிலேயே ஆக்கிக்கொள்ளலாம். நகரக் குப்பையைத் தரம் பிரிக்காமல் மக்கவைத்த எருவில் உடைந்த மின்கலமும் உலோகத் துகளும் கலந்திருக்கக்கூடும். அதை இலைச் செடிக்கு இடாதிருப்பது நல்லது.

கலத்தைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். மண்சாடி சிறந்தது, உணவெண்ணெய் வந்த தகரமும் பால்மாப் பேணியும் தீங்கற்றவை. இரசாயனப் பொருள் வந்த பீப்பாய், பழைய மின்கலப் பெட்டி, உட்புறம் கழுவப்படாத வண்ணப்பூச்சு வாளி என்பன இலை வளர்க்க உதவா. அரிசிச் சாக்கு ஓராண்டு வெயிலிலே நொறுங்கிப்போகும். அதற்கென்ன, குறுகிய காலப் பயிருக்கு அது போதும். மாடியில் வைப்போர் பாரத்தையும் எண்ணவேண்டும். இருபது லீற்றர் வாளி நிறைய நனைந்த மண் இருபது கிலோவைத் தாண்டும். அதைக் கைப்பிடிச் சுவரின் மேலே வைப்பது கீழே நடப்போர்க்குச் செய்யும் கொடுமை.

கொழும்பில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. தண்ணீர் போதாமையினால் இறக்கும் செடி இங்கே சிலவே; தண்ணீர் வடியாமையினால் இறக்கும் செடி பல. சாடியின் அடியில் சுண்டுவிரல் நுழையுமளவு நான்கைந்து துளைகள் இருக்கவேண்டும். அடியிலே ஓட்டுத் துண்டுகளையும் கற்களையும் தடிப்பாகப் பரப்பினால் நீர் விரைவில் வடியும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மை அதற்கு மாறானது. மண்ணில் உள்ள நீர், கல்லடுக்கைக் கண்டதும் அதற்கு மேலேயே தேங்கி நிற்கும். வேர் பரவ இருந்த மண்ணின் ஆழமும் குறைந்துபோகும். துளையை மண் அடைக்காதிருக்க ஓர் ஓட்டுத்துண்டு, அல்லது ஒரு பிடி தேங்காய்த் தும்பு போதுமானது.

சாடிக்கு அடியில் வைக்கும் தட்டினைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே கூறவேண்டும். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 1,86,000க்கும் மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாயினர். நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்நோயைப் பரப்பும் நுளம்பு சாக்கடையை நாடுவதில்லை. வீட்டோரத்துத் தட்டிலும் பேணியிலும் தேங்கிய தெளிந்த நீரையே நாடும். முட்டை பொரித்து நுளம்பாகப் பறக்க ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலான காலம் போதும். தட்டிலுள்ள நீரைக் கவிழ்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுவோரும் உளர். முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, தட்டின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உலர்ந்த நிலையில் மாதக்கணக்கிற் கிடந்து, மறுமழையில் பொரிக்கவல்லவை. ஆதலால் வாரம் ஒருமுறை தட்டைத் தும்பினால் தேய்த்துக் கழுவவேண்டும். தட்டே வையாமல், இரண்டு செங்கல்லின் மேல் சாடியை நிறுத்துவது இன்னும் மேல். கறிக்கு மணம் சேர்க்க வைத்த சாடி வீட்டுக்குக் காய்ச்சலைக் கொண்டுவரலாகாது.

இனிச் செடிகளை எடுத்துக்கொண்டால், நீரை விரும்புவன என்றும் வெறுப்பன என்றும் அவற்றைப் பிரித்து வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

விரும்புவனவற்றுள் முதன்மையானது ரம்பை. கொழும்பின் மழைக்கும் புழுக்கத்துக்கும் ஏற்றதாக இதைப்போல் வேறொன்றில்லை. வெயில் இரண்டு மணி நேரம் மட்டும் எட்டிப்பார்க்கும் ஒடுங்கிய சந்திலும் அது வளரும். இச்செடி விதை தருவதில்லை என்பது விந்தையான செய்தி. அடித்தண்டில் முளைக்கும் பக்கக் கன்றைப் பிரித்து நட்டே இதைப் பெருக்க வேண்டும். ஆகவே இந்நாட்டில் நிற்கும் ஒவ்வொரு ரம்பையும் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு வந்ததுதான். பறிக்கும்போது கீழிலைகளை முதலில் எடுத்தால் நுனிக்குருத்து தடையின்றி வளரும்.

எலுமிச்சைப்புல் வெயிலை நாடுவது. சந்தையில் வாங்கிய தண்டின் அடிக்கிழங்கு சேதமுறாமலிருந்தால் நீரில் நிறுத்தி வேர்விடச் செய்யலாம். இதனோடு உருவில் ஒத்த இன்னொரு புல் உண்டு. சவர்க்காரத்துக்கும் நுளம்பெண்ணெய்க்கும் உதவுவது அது. இலங்கைச் சித்திரனெல்லா என்று உலகச் சந்தையிற் பெயர்பெற்ற அப்புல்லைக் கறியிலிட்டால் கறி சவர்க்காரம் போல் மணக்கும். ஒருமுறை கசக்கி முகர்ந்து, எலுமிச்சை மணம் வருவதை உறுதி செய்துகொண்டு நடுவது நன்று.

புதினாவுக்குத் தனிச்சாடி கொடுக்கவேண்டும். தண்டோடிப் படர்ந்து அயற்செடியை நெருக்கிவிடும். கடைக்கட்டில் முற்றிய தண்டு நான்கைத் தேர்ந்து, கீழிலைகளை நீக்கி, ஒரு குவளை நீரிலே வைத்தால் ஒரு வாரத்தளவில் வேர்விடும். அக்குவளை நீரையும் இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றவேண்டும். காரணம் மேலே கூறப்பட்டது. வல்லாரைக்கு ஆழம் வேண்டாம், அகலம் வேண்டும். ஆறங்குல ஆழமுள்ள அகன்ற தொட்டி ஒரு சிறு குடும்பத்துக்கு வாரம் ஒரு சம்பலுக்கு இலை தரும்.

நீரை வெறுப்பனவற்றுள் கற்பூரவள்ளி மிக எளியது. தடித்த இலையிலே தானே நீரைச் சேமித்துக்கொள்வதால், வேருக்கு மிகுதியாக ஊற்றுவது அதற்குத் தீங்கு. ஒடித்து நட்ட துண்டம் வேர்கொள்ளும். மழைக்காலத்தில் கூரைத் தாழ்வாரத்தின் கீழே ஒதுக்கி வைத்தால் ஆண்டு முழுவதும் இலை கிடைக்கும்.

கொத்தமல்லி பற்றி உண்மையைச் சொல்வதானால், கொழும்பில் அதைத் துரத்திக்கொண்டு திரிவது வீண் உழைப்பு. குளிர்ந்த உலர்காற்றை விரும்பும் செடி அது. வெப்பத்தில் இலைவிடுவதை நிறுத்திப் பூக்க விரையும். அடைமழையில் நாற்று அழுகும். தை, மாசி மாதங்களில் மழை குறைந்திருக்கும்போது, விதையை இரண்டாகப் பிளந்து, ஓரிரவு ஊறவைத்து, நிலையாக நிற்கவேண்டிய சாடியிலேயே விதைத்து, ஆறு கிழமைக்குள் பறித்துவிடுவதே செய்யத்தக்கது. பிடுங்கி நட்டால் அதன் ஆணிவேர் தாங்காது. மற்றைக் காலங்களில் மணத்தால் அதை ஒத்த நீளிலைக் கொத்தமல்லி உதவும். ஓரங்களில் முள்போன்ற பற்களையுடைய அச்செடி ஈரத்தையும் நிழலையும் பொறுக்கும். விரைவாகப் பயன் காண விரும்புவோர் அஞ்சறைப் பெட்டியிலுள்ள வெந்தயத்தை எடுத்துத் தூவலாம். மூன்று நான்கு கிழமைகளில் கீரையாகும். மஞ்சளும் இஞ்சியும் பொறுமைசாலிகளுக்கு உரியவை. சித்திரை மழையோடு சாக்கிலே கிழங்கை ஊன்றினால், எட்டு ஒன்பது மாதங்களின் பின், இலை பழுத்துச் சாய்ந்ததும் கிண்டி எடுக்கலாம். 2020ஆம் ஆண்டிலே விலையைக் கண்டு திகைத்தபின் சாக்கில் மஞ்சள் ஊன்றத் தொடங்கிய வீடுகள் பல.

எஞ்சியிருப்பது கறிவேப்பிலை. எல்லோரும் விரும்புவதும் பலர் தோல்வியுறுவதும் இதிலேதான். தரங்கம்பாடிக்கு 1768ஆம் ஆண்டில் வந்து பணியாற்றி, பின்னர் இலங்கைக்கும் வந்து செடிகளைத் திரட்டியவர் யோஹான் கேனிக் என்னும் தாவர நூலறிஞர். கறிவேப்பிலையின் அறிவியற் பெயரில் அவர் பெயரே இடம்பெற்றிருக்கிறது. தமிழரின் தாளிதத்துக்கு இன்றியமையாத இலை, தமிழ்க் கரையில் வாழ்ந்தவர் பெயரைத் தாங்கி நிற்பது பொருத்தமே. இவ்விலைக்கு வெளிநாட்டிலும் வழக்குண்டு. இந்தியாவிலிருந்து செல்லும் கறிவேப்பிலையில் பூச்சிநாசினி எச்சம் காணப்பட்டமையால், ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தனிச் சோதனைக்குரிய பொருள்களின் பட்டியலிற் சேர்த்தது. இலையோடு சேர்த்து மென்று உண்ணக்கூடிய பொருளிலே மருந்து தங்குமானால், வீட்டுச் செடிக்குள்ள மதிப்பு மணத்தோடு நின்றுவிடுவதில்லை.

விதையிலிருந்து வளர்ப்பதானால் கறுத்துப் பழுத்த கனியைப் பறித்த சில நாட்களுக்குள் சதையை நீக்கி விதைக்கவேண்டும். உலர வைத்த விதை முளைக்கும் ஆற்றலை விரைவில் இழந்துவிடும். முதிர்ந்த மரத்தைச் சூழ வேரிலிருந்து எழும் கன்றைப் பெறுவது இதனினும் எளிது. ஓரடிக்குக் குறையாத ஆழமுள்ள சாடி, நாள்தோறும் ஐந்தாறு மணி நேர வெயில், மேல்மண் காய்ந்தபின் மட்டும் நீர் என்னும் இம்மூன்றுமே அதற்கு வேண்டுவன. முதலாண்டில் ஓர் இலையும் பறிக்காதிருக்கும் மனவுறுதியையும் நான்காவதாகச் சேர்த்துக்கொள்ளலாம். செடி முழங்கால் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளை விடும். அதன்பின் சமையலுக்கு இலை இலையாக உருவாமல், கிளையின் நுனியோடு நெட்டாகவே ஒடித்து எடுக்கவேண்டும். ஒடித்த இடத்திலிருந்து இரண்டு கிளை வரும். இலையை மட்டும் உருவிக்கொண்டே போனால் மொட்டைத் தண்டொன்று வானத்தை நோக்கி நீளும். கொழும்பின் முடுக்குகளில் அத்தகைய செடிகளை நிறையக் காணலாம்.

மீன் கழுவிய நீரும் புளித்த மோரும் கறிவேப்பிலைக்கு நல்லன என்பது பழைய வழக்கு. அவற்றிலுள்ள சத்து செடிக்கு உதவுமென்பது மெய்யே. ஆயின் உப்பிட்ட மீனைக் கழுவிய நீர் சாடிக்கு ஆகாது. நிலத்தில் நிற்கும் மரத்துக்கு அவ்வுப்பை மழை கழுவிவிடும். சாடியில் அது தங்கி வேரைச் சுடும். கொழுந்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து வேருக்கு எட்டவில்லை என்று அறியலாம். பெரும்பாலும் மண் நெடுநாள் ஈரமாயிருந்ததே அதற்குக் காரணம். மருந்து தேடுமுன் துளை அடைபட்டிருக்கிறதா என்று பார்ப்பது முறை.

புழுவைக் கண்டு அஞ்சவேண்டுவதில்லை. குருவி எச்சத்தைப் போலக் கறுப்பும் வெள்ளையுமாய் இலைமேற் கிடந்து, பின்னர் பச்சை நிறம் பெற்றுக் கொழுத்து, இரண்டே நாளில் கிளையை மொட்டையாக்கும் புழு ஒன்று வரும். எலுமிச்சைக் குடும்பத்து மரங்களில் முட்டையிடும் அழகிய வண்ணத்துப்பூச்சியின் குழந்தை அது. காலையில் ஒருமுறை இலைகளைப் புரட்டிப் பார்த்துக் கையால் எடுத்துவிட்டால் போதும். உண்ணும் இலைக்கு நஞ்சு தெளிப்பதற்கு எந்த அவசியமும் இல்லை. கிராண்ட்பாஸ் பக்கம் வண்ணத்துப்பூச்சி ஒன்றைக் காண்பதே அரிது என்று ஒரு புழுவை விட்டுவைப்பாரும் உளர். அவர்கள் வீட்டுச் சொதி சில நாள் மணம் குறைந்திருக்கும்.

மூன்றாம் ஆண்டளவில் சாடியின் மண்ணைப் பிளந்துகொண்டு வேர்க்கன்றுகள் தலைகாட்டும். அவற்றைத் தாய்ச்செடியோடு விட்டுவைத்தால் ஒரே சாடியில் இரண்டும் நலியும். வைகாசி மழை தொடங்கி மண் இளகிய நாட்களில், மாலை வேளையில், கூரிய கத்தியால் வேரோடு பிரித்து, நனைந்த தும்பிலே சுற்றி, அயல்வீட்டு அக்காவிடம் கொடுத்துவிடலாம். அன்றிரவே அக்கன்று ஒரு பேணிக்குள் நின்றாக வேண்டும்; விடியும்வரை வேர் காற்றிற் கிடந்தால் பிழைக்காது.